ஒரு சொட்டு ரத்தம், இரண்டு டெஸ்ட்: குழந்தைகளின் சர்க்கரை நோயில் எது முதலில்?

நெய்யூர், இரணியல், திங்கள்சந்தை பக்கம் எந்த கிளினிக்கிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஏழு வயசுப் பிள்ளை. ரெண்டு நாளா வாந்தி, வயித்து வலி. "கல்யாண வீட்டுல சாப்பிட்டா டாக்டரே, அதுதான் ஒத்துக்கல போல" என்கிறார் அம்மா. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார், வாந்திக்கு மருந்து எழுதுகிறார். "ரொம்ப வாடிப்போயிருக்கா, ஒரு குளுக்கோஸ் ஏத்திடலாம்" என்கிறார். மூன்று வாரமாகப் பிள்ளை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பதும், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருப்பதும், பள்ளிக்கூட யூனிபார்ம் தொளதொளவென்று ஆனதும் அந்த அறையில் பேச்சிலேயே வரவில்லை. யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் சொல்லவில்லை.

அதே மேஜையின் டிராயரில் ஒரு குளுக்கோமீட்டர் இருக்கிறது. தாத்தா, பாட்டிகளுக்கு தினமும் பயன்படுவதுதான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில விநாடிகள். ஒரு ஸ்ட்ரிப்பின் விலை டீயும் வடையும் சாப்பிடும் காசு. அதை யாரும் எடுக்கவில்லை. ஏன்? "சின்னப் பிள்ளைக்கு எங்கே சர்க்கரை வரப்போகுது?"

இந்த ஒரு எண்ணம்தான் ஆபத்து. குழந்தைகளின் சர்க்கரை நோயை வருடக்கணக்கில் முன்கூட்டியே காட்டும் ஆன்டிபாடி டெஸ்ட்டுகள் பற்றி உலகம் இன்று பேசுகிறது. இத்தாலி அதற்காகச் சட்டமே போட்டுவிட்டது. 'நம் ஊருக்கு அது எப்போது வரும்?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஏற்கெனவே கையில் இருக்கும் டெஸ்ட்டை நாம் பயன்படுத்துகிறோமா?

இது தாத்தாவுக்கு வந்த சர்க்கரை இல்லை

நம் வீடுகளில் 'சுகர்' என்றால் பெரும்பாலும் டைப் 2. வயது, எடை, பரம்பரை, வாழ்க்கை முறை எல்லாம் சேர்ந்து மெதுவாக வருவது. மாத்திரை உண்டு, நடைப்பயிற்சி உண்டு, வருடக்கணக்கில் நேரமும் உண்டு.

டைப் 1 வேறு கதை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, அம்மா வளர்த்த விதத்தால் வந்ததும் அல்ல. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்களுக்குள் நுழைய முடியாது. அது சிறுநீரில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அதனால்தான் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு. அந்தக் காலத்தில் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே பெரியவர்கள் சந்தேகப்பட்டார்கள். இப்போது வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஃப்ளஷும் வந்தபின் அந்த எறும்பையும் காணோம்.

சர்க்கரையை எரிக்க முடியாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை, கடைசியில் மயக்கம். 'டயபடிக் கீட்டோ அசிடோசிஸ்' என்ற இந்த நிலை, நேரத்தோடு சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரைக் கொண்டுபோய்விடும். வெளியில் பார்த்தால் ஃபுட் பாய்சன் மாதிரி, குடல்வால் வலி மாதிரி, வீசிங் மாதிரி இருக்கும். இதுதான் ஏமாற்றும் இடம்.

இதற்குள் வீட்டிலும் ஒரு தப்பு நடக்கும். தாகம் என்று கேட்கும் பிள்ளைக்கு சர்பத், பாட்டில் ஜூஸ், குளுக்கோஸ் பவுடர், சீசனில் அக்கானி என்று அன்பாகக் கொடுப்பார்கள். "குடி மக்ளே, தெம்பா இருக்கும்." ஒவ்வொரு டம்ளரும் ரத்தத்தில் சர்க்கரையை இன்னும் ஏற்றும். தாகமும் ஏறும்.

எண்ணிக்கை குறைவான நோய்தானே என்று தள்ளிவிட முடியாது. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் 2021-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 20 வயதுக்கு உட்பட்ட டைப் 1 நோயாளிகள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில்தான்: சுமார் 2.29 லட்சம் பேர்.

நோய் வருமுன் ரத்தம் என்ன சொல்லும்?

சரி, அந்த ஆன்டிபாடி டெஸ்ட் என்னதான் செய்கிறது?

பீட்டா செல்கள் ஒரே நாளில் அழிவதில்லை. மாதங்கள், பல நேரங்களில் வருடங்கள் ஆகும். அந்தத் தாக்குதல் நடக்கும்போதே ரத்தத்தில் அதன் தடயங்கள் தெரியத் தொடங்கிவிடும். அவைதான் ஆட்டோ ஆன்டிபாடிகள். முக்கியமாகப் பார்ப்பது நான்கு: இன்சுலினுக்கு எதிரானது, ஜிஏடி, ஐஏ-2, சிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8. செல்களைக் கொல்வது முக்கியமாக டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஆன்டிபாடிகள் அந்தச் சண்டை நடக்கிறது என்று காட்டும் புகை. ஆனால் புகையைப் பார்த்தாலே நெருப்பைத் தெரிந்துகொள்ளலாமே.

இதை வைத்துத்தான் 2015-ல் நிபுணர் அமைப்புகள் டைப் 1 நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தன. முதல் கட்டத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் இருக்கும், ஆனால் சர்க்கரை நார்மல். இரண்டாம் கட்டத்தில் சர்க்கரை லேசாகத் தடம் மாறும், அறிகுறி இருக்காது. மூன்றாவது கட்டம்தான் நாம் 'நோய்' என்று சொல்வது.

2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் உள்ள குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பத்தே வருடங்களில் நோய் வந்துவிடுகிறது என்று காட்டியது. ஒரே ஒரு ஆன்டிபாடி மட்டும் இருந்தால் அது சுமார் 15 சதவீதம்தான். ஆக, 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பதறக் கூடாது. எத்தனை ஆன்டிபாடி, மறுபடி எடுத்த ரத்தத்திலும் அதே ரிசல்ட் வந்ததா என்பதுதான் முக்கியம்.

முன்பு இந்த டெஸ்ட்டுக்குக் கதிரியக்கப் பொருள்கள் தேவைப்பட்டன. தேர்ந்த லேப் வேண்டும், ரிசல்ட் வர நாள்கள் ஆகும், செலவும் அதிகம். 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கண்ணாடிச் சில்லை அறிமுகப்படுத்தினார்கள். அதன் மேல் தங்கத்தின் நுண்ணிய தீவுகள் போன்ற பூச்சு. அது ஆன்டிபாடிகளோடு ஒட்டும் ஒளிரும் பொருளின் வெளிச்சத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டும். கதிரியக்கம் தேவையில்லை, விரல் நுனி ரத்தம் போதும், சில நிமிடங்களில் முடிவு. ஒரு சில்லைச் செய்ய சுமார் 20 டாலர் ஆகும், அதில் 15-க்கும் மேற்பட்ட டெஸ்ட்டுகள் செய்யலாம் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஆன்டிபாடி டெஸ்ட் பெரிய லேபை விட்டு வெளியே வரலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது.

ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2015-ல் குழந்தைகளைப் பெரிய அளவில் பரிசோதிக்கத் தொடங்கியது. விரல் நுனியிலிருந்து சில சொட்டு ரத்தத்தைக் குழந்தை மருத்துவரே எடுத்து லேபுக்கு அனுப்பும் முறை. முதல் நான்கு வருடங்களில் 90,632 குழந்தைகளைப் பார்த்தார்கள். 280 பேருக்கு ஆரம்பக் கட்டம் இருந்தது, அதாவது சுமார் 0.31 சதவீதம். அவர்களில் பின்னர் நோய் முற்றியவர்களில் கீட்டோ அசிடோசிஸ் வந்தது மிகச் சிலருக்கே. காரணம் மந்திரம் இல்லை. அந்த வீடுகளுக்கு என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இத்தாலியிடம் கற்க வேண்டிய வரிசை

2023 செப்டம்பரில் இத்தாலி நாடாளுமன்றம், 1 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு டைப் 1, சீலியாக் ஆகிய இரண்டு நோய்களுக்கும் தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் கொண்டுவரும் சட்டத்தை நிறைவேற்றியது. உலகில் இப்படி ஒரு சட்டம் இதுவே முதல். 'இத்தாலி செய்யுது, நாம ஏன் செய்யக் கூடாது?' என்று கேட்பவர்கள் பலரும் இந்தச் செய்தியோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆனால் இத்தாலியின் கதை 2023-ல் தொடங்கவில்லை. 1991-ல் பார்மா என்ற பகுதியில் மருத்துவர்கள் ஒரு எளிய வேலை செய்தார்கள். பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் போஸ்டர் ஒட்டினார்கள். படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால், நிறையத் தண்ணீர் குடித்தால், சர்க்கரை நோயாக இருக்கலாம் என்பதுதான் செய்தி. மருத்துவர்களுக்கு ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை பார்க்கும் கருவிகள் தரப்பட்டன. அதற்கு முன் அங்கே புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோ அசிடோசிஸ் நிலையில்தான் வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அது 12.5 சதவீதமாகக் குறைந்தது.

ஆன்டிபாடி இல்லை, சில்லு இல்லை. ஒரு போஸ்டரும், ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கும் பழக்கமும்தான். அந்த நாட்டில் முதலில் வந்தது போஸ்டர். சட்டம் வந்தது 32 வருடங்கள் கழித்து. இந்த வரிசைதான் கவனிக்க வேண்டியது.

30 வயதில் தொடங்கும் திட்டங்கள்

இங்கே கருவிக்குப் பஞ்சம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்ட்ரிப் இருக்கிறது. ஆனால் தேசிய அளவிலான தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டம் குறிவைப்பது 30 வயதுக்கு மேற்பட்டவர்களை. ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. மருத்துவப் பணியாளர் வீட்டுக்கு வந்து பாட்டிக்கு சர்க்கரை பார்த்துவிட்டுப் போவார். பக்கத்தில் மூன்றாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் பேத்தியை யாரும் கேட்க மாட்டார்கள்.

பள்ளிகளுக்குச் செல்லும் மருத்துவக் குழுக்களும் இருக்கின்றன. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. அந்தக் குழுக்கள் ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "கிளாஸ்ல அடிக்கடி பாத்ரூம் போகணும்னு கேக்கிற பிள்ளை யாராவது உண்டா?"

எல்லாக் குழந்தைகளுக்கும் தினமும் சர்க்கரை பார்க்கச் சொல்லவில்லை. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத சோர்வு, எடை குறைவு, அதிக தாகம், திரும்ப வந்த படுக்கை நனைப்பு என்று வரும் எந்தக் குழந்தைக்கும் டிரிப் போடும் முன் ஒரு ஸ்ட்ரிப். அவ்வளவுதான். அறிகுறிகளோடு சேர்ந்து, எந்த நேரத்தில் பார்த்தாலும் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய். 'நாளைக்கு வெறும் வயித்துல வாங்க' என்று அனுப்பக் கூடாது. அன்றைக்கே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மரச்சீனி நாட்டில் ஒரு கூடுதல் சிக்கல்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆன்டிபாடி டெஸ்ட் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்ப் பகுதி. மரச்சீனிக் கிழங்கும் மீனும் இங்கேயும் எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரே சாப்பாடு. கடந்த நூற்றாண்டின் நடுவில் கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ், மெலிந்த இளம் வயதினரிடம் கணையத்தில் கல் உருவாகி, அதனால் சர்க்கரை நோய் வருவதை ஏராளமான நோயாளிகளிடம் பதிவு செய்தார். மரச்சீனியில் உள்ள சயனைடு சேர்மங்கள்தான் காரணமோ என்று நீண்ட காலம் சந்தேகித்தார்கள். அது நிரூபணமாகவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் மரபணுவின் பங்கைக் காட்டின.

இது டைப் 1 அல்ல. இங்கே ஆட்டோ இம்யூன் தாக்குதல் கிடையாது. வயிற்று எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ கல் தெரியும். ஒற்றை மரபணு மாற்றத்தால் வரும் இளம் வயது சர்க்கரை நோய்களும் உண்டு. அவற்றில் சில வகைகளை மாத்திரையிலேயே சமாளிக்கலாம். ஆக, ஒல்லியான ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு சர்க்கரை 350 என்றால், அது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். ஆயுள் முழுக்க ஊசியா, வேறு வழி உண்டா என்பதை முடிவு செய்ய ஆன்டிபாடி டெஸ்ட் உதவும். ஆனால் டைப் 1 உள்ள சிலருக்கு ஆன்டிபாடி நெகட்டிவாகவும் வரலாம். அந்த பேப்பரை மட்டும் நம்பி யாரும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது.

யாருக்கு முதலில்?

டைப் 1 உள்ள பிள்ளையின் ரிசல்ட் பாசிட்டிவ் என்றால், அடுத்து கேட்க வேண்டியது அந்த வீட்டின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கையைப் பற்றி. பொதுவாக ஒரு குழந்தைக்கு டைப் 1 வரும் வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. உடன்பிறந்தவருக்கு இருந்தால் அது ஏறக்குறைய 5 சதவீதம். அந்த வீட்டுக்கு இன்சுலின் என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரியும். குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது, டாக்டரின் தொடர்பும் இருக்கிறது. முடிவு பாசிட்டிவாக வந்தாலும் தாங்கிப் பிடிக்க ஒரு கை உண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. புதிதாக டைப் 1 வரும் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த நோய் இல்லை. உடன்பிறந்தவர்களை மட்டும் பார்த்தால் பெரும்பாலானவர்களைத் தவறவிடுவோம். உண்மைதான். அந்த ஒன்பது பேருக்கான வலைதான் மேலே சொன்ன ஸ்ட்ரிப். இன்றே விரிக்க முடிந்த வலையும் அதுதான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்போதே ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துவிடலாமே? ஆயிரம் பேரைச் சோதித்தால், பவேரியா கணக்குப்படி, மூன்று வீடுகளுக்கு அந்தச் செய்தி போகும்: 'உங்கள் பிள்ளைக்கு இன்று ஒன்றும் இல்லை, சில வருடங்களில் நோய் வரக்கூடும்.' பிறகு என்ன? சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், சர்க்கரை அளவைத் தொடர வேண்டும், பயத்தைப் பேசித் தீர்க்க ஆள் வேண்டும். பெண் பிள்ளை என்றால், "நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே, வெளிய சொல்லாதீங்க" என்ற கிசுகிசுப்பு அன்றைக்கே தொடங்கிவிடும். பின்தொடர ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்த பேப்பர் பயத்தை மட்டும்தான் தரும். 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்து விற்கும் நாள் வந்தால், இளம் பெற்றோர்கள் கேட்க வேண்டியது விலையை அல்ல: 'பாசிட்டிவ் வந்தா அடுத்து யார் பார்ப்பாங்க?'

நோயைத் தள்ளிப்போட மருந்து வந்துவிட்டதே என்பார்கள். டெப்லிசுமாப் என்ற அந்த மருந்துக்கு 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டாம் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நோய் முற்றுவதை ஏறக்குறைய இரண்டு வருடங்கள் தள்ளிப்போட முடியும் என்று 76 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. இரண்டு வருடங்கள் ஊசி இல்லாத பிள்ளைப் பருவம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் 14 நாள் சிகிச்சைக்கு அங்கே நிர்ணயித்த விலை 1,93,900 டாலர். ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கு மேல். திங்கள்சந்தை ஆட்டோ டிரைவரின் வீட்டுக்கு இன்று அது பதில் அல்ல.

ஆக, வரிசை இப்படி இருக்கலாம். முதலில், அறிகுறியோடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதே இடத்தில் சர்க்கரை டெஸ்ட், கூடவே ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒரு தமிழ் போஸ்டர். அடுத்து, நோய் உறுதியான பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களுக்கும் அரசு செலவில் ஆன்டிபாடி டெஸ்ட், தொடர் கவனிப்போடு. இந்த இரண்டும் சரியாக நடந்து, விரல் நுனி ஆன்டிபாடி டெஸ்ட்டின் விலையும் இறங்கிய பிறகு, எல்லோருக்குமான பரிசோதனை.

1922-ல் நடந்த இரண்டு விஷயங்கள்

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில், சாகக் கிடந்த 14 வயது லெனார்டு தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதுவரை டைப் 1 என்றால் சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு வருடங்கள்தான். அதே வருடம், எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்டு சோமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்க்க வந்தார். 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே வந்தபோது தொடங்கிய மருத்துவப் பணி அது. வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தையும், அதைச் சமாளிக்கப் போதிய மருத்துவர்கள் இல்லாததையும் பார்த்த சோமர்வெல், லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். பிற்காலத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் நெய்யூர் பேர் வாங்கியது. 'சீக்கிரம் வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்' என்ற வாக்கியத்தின் பாரம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

லெனார்டுக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று இன்சுலின் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. கருவி இருக்கிறது, ஸ்ட்ரிப் இருக்கிறது. இல்லாதது ஒரு கேள்வி மட்டும்தான்: "பிள்ளை ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?" டாக்டர் கேட்காவிட்டால் அம்மாவே சொல்லலாம், கூட வந்த சித்தி சொல்லலாம், ஐடி கம்பெனியிலிருந்து வீடியோ காலில் பார்க்கும் மாமா சொல்லலாம்: "டிரிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுகர் பாத்திருங்க டாக்டர்."

கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சில விநாடிகளில் தெரிந்துவிடும். நார்மல் என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.